வீட்டிலிருந்தே வேலை: நாற்காலி, நெட், கரண்ட் பில்லுக்கு வரிக்கழிவு உண்டா?

சம்பளம் பெங்களூரு கம்பெனியில். வேலை நடப்பது நாகர்கோவில் வீட்டு மாடி அறையில். 2020 மார்ச் ஊரடங்கின்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்த ஐ.டி. ஊழியர்களில் பலர் திரும்பிப் போய்விட்டாலும், போகாமல் தங்கிவிட்டவர்களும் உண்டு. வடசேரி, பார்வதிபுரம், தக்கலை, மார்த்தாண்டம் என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தபடியே சென்னைக்கும் துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் வேலை பார்க்கிறார்கள்.

இதற்கு ஆகும் செலவு சின்னதல்ல. முதுகு வலிக்காத ஒரு நாற்காலி, பிராட்பேண்ட், அது போனால் கைகொடுக்க இன்னொரு மொபைல் டேட்டா. ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொரு மழைக்காலம் என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் இன்வெர்ட்டரும் கட்டாயம். ஆபீஸில் இருந்தால் கம்பெனி கட்டியிருக்கும் ஏ.சி. கரண்ட் பில்லும் இப்போது நம்ம வீட்டு மீட்டரில்தான் ஓடுகிறது.

அதனால்தான் வரி ஆவணங்களைக் கேட்டு எச்.ஆர். மெயில் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது: “இந்தச் செலவையெல்லாம் காட்டி வரியைக் குறைக்க முடியாதா?”

பதில், நீங்கள் வீட்டில் வேலை செய்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல. நீங்கள் சம்பளக்காரரா, ஃப்ரீலான்ஸரா என்பதைப் பொறுத்தது.

சுருக்கமாகச் சொன்னால்

• சம்பளக்காரர்: சொந்தக் கையிலிருந்து செய்த வீட்டு அலுவலகச் செலவுக்குத் தனிக் கழிவு கிடையாது. ‘ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்’ எனப்படும் நிலையான கழிவு மட்டுமே.
• கம்பெனியே செலவை ஏற்றால்: எப்படிக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து வரி உண்டு, அல்லது இல்லை.
• ஃப்ரீலான்ஸர், தொழில்முறை ஆலோசகர்: கழிவு உண்டு. புதிய வரி முறையிலும் உண்டு.

இங்கே சொல்லப்படும் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய வருமானம்.

சம்பளக்காரருக்கு ஏன் கிடையாது?

2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தன் விதிகளைத் தளர்த்தியது. ஐ.டி., பி.பி.ஓ. நிறுவன ஊழியர்கள் வீட்டிலிருந்தோ, நாட்டின் வேறு எந்த இடத்திலிருந்தோ வேலை செய்ய வழி பிறந்தது. ஆனால் வருமான வரிச் சட்டம் அந்த வேகத்தில் நகரவில்லை.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், சம்பள வருமானத்திலிருந்து எதையெல்லாம் கழிக்கலாம் என்று சொல்வது பிரிவு 16. அதில் இருப்பவை மூன்றே மூன்று: நிலையான கழிவு, அரசு ஊழியர்களுக்கான கேளிக்கைப் படி, உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில்வரி. நாற்காலி, நெட், கரண்ட் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை பில் வைத்திருந்தாலும் கழிக்க முடியாது. அவ்வளவுதான்.

நிலையான கழிவு பழைய வரி முறையில் ரூ.50,000. புதிய முறையில் 2024-25 நிதியாண்டு முதல் ரூ.75,000. இதற்கு எந்த பில்லும் வேண்டாம். தினமும் பஸ் ஏறி ஆபீஸ் போகிறவருக்கும் இதே தொகைதான், வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும் இதே தொகைதான். 2018 பட்ஜெட்டில் இது மீண்டும் வந்தபோது, அதற்கு முன்பிருந்த போக்குவரத்துப் படி, மருத்துவச் செலவுச் சலுகை இரண்டுக்கும் பதிலாகவே வந்தது. வேலைக்காக ஆகும் சில்லறைச் செலவெல்லாம் இதற்குள் அடக்கம் என்பதே சட்டத்தின் கணக்கு.

கொரோனா காலத்தில் ‘வீட்டிலிருந்து வேலை செய்வோருக்குத் தனிக் கழிவு வேண்டும்’ என்று பட்ஜெட்டுக்கு முந்தைய கோரிக்கைகள் எழுந்தன. பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யும் இதைக் கேட்டது. எந்த பட்ஜெட்டிலும் அது வரவில்லை.

வெளிநாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் 6 யூரோ, ஆண்டுக்கு அதிகபட்சம் 1,260 யூரோ கழித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் மணிக் கணக்கு: 2024-25 முதல் ஒரு மணி நேரத்துக்கு 70 சென்ட். கனடா 2020 முதல் 2022 வரை ஒரு நாளுக்கு 2 டாலர் என்று தற்காலிகச் சலுகை கொடுத்துவிட்டு, பிறகு அதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் நிலைமை கிட்டத்தட்ட நம்ம ஊர் மாதிரிதான்: சம்பளக்காரருக்கு மத்திய வரியில் 2018 முதல் இந்தக் கழிவு கிடையாது. சுயதொழில் செய்வோருக்கு உண்டு; ஒரு சதுர அடிக்கு 5 டாலர் என்று 300 சதுர அடி வரை எளிய கணக்கே இருக்கிறது.

யூடியூபில் ‘ஹோம் ஆபீஸ் டிடக்‌ஷன்’ என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே ரிட்டர்ன் போட்டால் நோட்டீஸ்தான் வரும்.

கம்பெனி பணம் கொடுத்தால் வரி உண்டா?

சம்பளக்காரர் உண்மையிலேயே பணம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான். ஒரே பணம், கொடுக்கும் விதத்தைப் பொறுத்து வரி மாறுகிறது.

மாதாமாதம் படியாக வந்தால்: ‘டபிள்யூ.எஃப்.எச். அலவன்ஸ்’ என்று பே-ஸ்லிப்பில் மாதம் ரூ.1,500 சேர்ந்து வந்தால், அது சம்பளம்தான். முழுத் தொகைக்கும் வரி உண்டு. அந்தப் பணத்தில் நீங்கள் நெட் பில்தான் கட்டினீர்கள் என்பது உதவாது.

பில் கொடுத்துத் திரும்பப் பெற்றால்: ஊழியரின் ஃபோன் செலவை, மொபைல் உட்பட, நிறுவனம் ஏற்றால் அதன் சலுகை மதிப்பு பூஜ்ஜியம் என்கிறது வருமான வரி விதி 3. வேலைக்கான பிராட்பேண்ட் பில்லையும் நிறுவனங்கள் வழக்கமாக இதே வகையில் சேர்த்து, பில் வாங்கிக்கொண்டு வரி பிடிக்காமல் கொடுக்கின்றன. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருப்பது நல்லது. வீட்டு நெட் அப்பா பெயரில் இருந்தால் பல கம்பெனிகள் பில்லை ஏற்பதில்லை.

வித்தியாசம் எவ்வளவு? மாதம் ரூ.1,500 என்றால் ஆண்டுக்கு ரூ.18,000. 20% வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ் உட்பட ரூ.3,744 மிச்சம், 30% வரம்பில் இருப்பவருக்கு ரூ.5,616. எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு, “இதை அலவன்ஸாகத் தராமல் ரீஇம்பர்ஸ்மென்ட்டாகத் தர முடியுமா?” என்று கேட்பதற்கு இது போதுமான காரணம்.

லேப்டாப்: கம்பெனி தன் லேப்டாப்பை உங்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்தால் வரி இல்லை. சொந்த வேலைக்கும் பயன்படுத்தினாலும் இல்லை.

நாற்காலி, மேசை, ஏ.சி.: இவை கம்பெனிக்குச் சொந்தமாக இருந்து, உங்களுக்குப் பயன்படுத்தக் கொடுக்கப்பட்டால், விலையில் ஆண்டுக்கு 10% சலுகை மதிப்பு. ரூ.15,000 நாற்காலி என்றால் ஆண்டுக்கு ரூ.1,500 உங்கள் சம்பளத்தோடு சேரலாம். அதே ரூ.15,000-ஐக் கையில் கொடுத்து “நீங்களே வாங்கிக்கோங்க” என்றால், நாற்காலி உங்களுடையது, முழு ரூ.15,000-மும் வரிக்குரிய சம்பளம்.

வேலையை விடும்போது: பழைய லேப்டாப்பை நீங்களே வைத்துக்கொள்ளச் சொன்னால் கவனம். கணினிக்கு ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 50% வீதம் மதிப்பு குறையும். ரூ.80,000-க்கு வாங்கிய லேப்டாப் இரண்டு முழு ஆண்டுகளுக்குப் பிறகு ரூ.20,000. நீங்கள் ரூ.5,000 மட்டும் கொடுத்து எடுத்துக்கொண்டால், மீதி ரூ.15,000 உங்கள் வருமானத்தில் சேரும்.

வாடகை: ஊர் மாறினால் கணக்கும் மாறும்

வீட்டிலிருந்து வேலை பார்ப்போர் அதிகம் தவறு செய்யும் இடம் எச்.ஆர்.ஏ. எனப்படும் வீட்டு வாடகைப் படி. இதற்கான விலக்கு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு.

மூன்று தொகைகளில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு: கம்பெனி கொடுத்த எச்.ஆர்.ஏ.; கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 10% போக மீதி; அடிப்படைச் சம்பளத்தில் 40%. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் குடியிருந்தால் கடைசியில் சொன்னது 50%.

இங்கே கணக்கில் வருவது நீங்கள் குடியிருக்கும் ஊர். ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் நீங்கள் நாகர்கோவிலில் வாடகைக்கு இருந்தால் 40% தான். சென்னை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்த பிறகும் பழைய வாடகை ரசீதையே கொடுத்துக்கொண்டிருப்பது தவறான கோரிக்கை. நீங்கள் குடியிருக்காத வீட்டுக்கு இந்த விலக்கு கிடையாது.

சரி, அடுத்த கேள்வி. “வீடு அப்பா பேர்ல இருக்கு. அப்பாவுக்கு வாடகை கொடுத்ததா காட்டலாமா?”

காட்டலாம், உண்மையிலேயே கொடுத்திருந்தால். மாதாமாதம் வங்கி வழியாகப் பணம் போயிருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் இருந்தால் நல்லது. ஆண்டு வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரான அப்பாவின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். அப்பாவும் அதைத் தன் வருமானமாகக் காட்ட வேண்டும். அவருக்கு அதில் 30% கழிவு உண்டு.

நாஞ்சில் நாட்டுக் குடும்ப வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், பாகப் பிரிவினை நடந்திருக்காது, பங்காளிகள் நாலு பேர் இருப்பார்கள். சொந்த வீட்டுக்கு எச்.ஆர்.ஏ. விலக்கு இல்லை என்பது சட்டம். வீட்டில் உங்களுக்கே பங்கு இருக்கிறதா, வாடகை வாங்க யாருக்கு உரிமை என்பது தெளிவில்லாத இடத்தில் வாடகை ரசீது எழுதுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சின்ன ஸ்டார்ட்-அப்களில் எச்.ஆர்.ஏ. என்ற தலைப்பே சம்பளத்தில் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் வாடகை வீட்டில் இருந்தால், பழைய முறையில் பிரிவு 80ஜிஜி வழியாக மாதம் ரூ.5,000 வரை கழிவு கேட்கலாம். ஃப்ரீலான்ஸர்களுக்கும் இது உண்டு. படிவம் 10பிஏ தாக்கல் செய்ய வேண்டும்.

இவ்வளவு பாடு தேவையா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் ரூ.12 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் ரூ.6 லட்சம், எச்.ஆர்.ஏ. ரூ.2.4 லட்சம். நாகர்கோவிலில் மாதம் ரூ.10,000 வாடகை, ஆண்டுக்கு ரூ.1.2 லட்சம்.

எச்.ஆர்.ஏ. விலக்கு: வாடகை ரூ.1,20,000-இல் அடிப்படைச் சம்பளத்தின் 10% ஆன ரூ.60,000 போக, மீதி ரூ.60,000.

பழைய முறை: ரூ.12 லட்சத்திலிருந்து நிலையான கழிவு ரூ.50,000, எச்.ஆர்.ஏ. ரூ.60,000, 80சி முதலீடு ரூ.1.5 லட்சம் கழித்தால் ரூ.9,40,000. வரி, செஸ் சேர்த்து ரூ.1,04,520.

புதிய முறை: ரூ.12 லட்சத்திலிருந்து ரூ.75,000 கழித்தால் ரூ.11,25,000. ரூ.12 லட்சத்துக்குள் வருமானம் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடி வந்து, வரி பூஜ்ஜியம்.

அதாவது, சம்பளம் மட்டுமே வருமானமாக இருந்து, அது ரூ.12.75 லட்சத்துக்குள் இருந்தால், வாடகை ரசீதுக்கும் நாற்காலி பில்லுக்கும் அலைய வேண்டிய அவசியமே இல்லை. பங்கு விற்ற லாபம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஃப்ரீலான்ஸருக்குக் கதையே வேறு

உங்களுக்கு வருவது சம்பளமா, தொழில் வருமானமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பணம் கொடுப்பவர் எந்தப் பிரிவில் டி.டி.எஸ். பிடிக்கிறார் என்று படிவம் 26ஏஎஸ்-ஸில் பாருங்கள். 192 என்றால் சம்பளம். 194ஜே என்றால் தொழில்முறைக் கட்டணம். ‘கன்சல்டன்ட்’ என்று ஒப்பந்தம் போட்டு வேலை வாங்கும் கம்பெனிகள் நிறைய. பி.எஃப். இல்லை, படிவம் 16 இல்லை என்றால், வரிச் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் நீங்கள் ஃப்ரீலான்ஸர்தான். பி.எஃப். போனது நஷ்டம். ஆனால் செலவைக் கழிக்கும் உரிமை வருகிறது. அதற்கு இரண்டு வழிகள்.

வழி 1: பாதி லாபம், பாதி செலவு

பிரிவு 44ஏடிஏ. மொத்த வரவில் குறைந்தது 50% லாபம் என்று காட்டினால் போதும். மீதியைச் செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. பில் வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். நாற்காலி, நெட், கரண்ட், தேய்மானம் எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். தனியாக எதையும் மறுபடி கழிக்க முடியாது.

சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கே இது பொருந்தும். ஆண்டு வரவு ரூ.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ரூ.75 லட்சம் வரை.

மார்த்தாண்டத்தில் இருந்து வேலை செய்யும் ஒரு சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு ஆண்டு வரவு ரூ.14 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வரிக்குரிய வருமானம் ரூ.7 லட்சம். புதிய முறையில் வரி பூஜ்ஜியம். வேறு வருமானம் இல்லையென்றால் ரூ.24 லட்சம் வரவு வரைக்கும் இப்படித்தான். ஆனால் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தனியாகக் கேட்கும். அந்த ரூ.20 லட்சக் கணக்கில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வந்ததும் சேரும்.

வழி 2: கணக்கு எழுதி, உண்மைச் செலவைக் கழிப்பது

இந்திய வரிச் சட்டத்திலும் ‘வீட்டு அலுவலகம்’ இருக்கிறது; அந்தப் பெயரில் இல்லை, அவ்வளவுதான். பிரிவு 38 என்ன சொல்கிறது என்றால், ஒரு கட்டடத்தின் ஒரு பகுதி குடியிருப்பாகவும் ஒரு பகுதி தொழிலுக்காகவும் பயன்பட்டால், தொழிலுக்கான பங்கை மட்டும் கழிக்கலாம். நாற்காலி, கணினி போன்ற சாமான்களுக்கும் இதே விதிதான். கூடவே பிரிவு 37: செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக இருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு:

• வாடகை மாதம் ரூ.12,000. வீடு 1,000 சதுர அடி, வேலைக்கென்றே ஒதுக்கிய அறை 150 சதுர அடி. 15% பங்கு: ஆண்டுக்கு ரூ.21,600.
• கரண்ட் ஆண்டுக்கு ரூ.18,000, தொழில் பங்கு 30%: ரூ.5,400.
• பிராட்பேண்ட் ரூ.12,000, தொழில் பங்கு 60%: ரூ.7,200.
• தொழிலுக்கு மட்டும் பயன்படும் லேப்டாப் ரூ.80,000. கணினிக்குத் தேய்மானம் 40%: முதல் ஆண்டு ரூ.32,000. (அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி, ரூ.16,000.) அடுத்த ஆண்டு மீதி ரூ.48,000-இல் 40%: ரூ.19,200.
• மேசை, நாற்காலி ரூ.20,000. தேய்மானம் 10%: ரூ.2,000.

மொத்தம் ரூ.68,200. நாற்காலி விலை முழுவதையும் ஒரே ஆண்டில் கழிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுத்ததாகக் காட்டவும் முடியாது. பழுதுபார்ப்புச் செலவு, தேய்மானம் போன்றவற்றில் தொழில் பங்கைத்தான் கேட்கலாம்.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரூ.14 லட்சம் வரவில் முதல் வழி பில் இல்லாமலே ரூ.7 லட்சத்தைச் செலவாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வழியில் அறையை அளந்து, பில் சேர்த்து வந்தது ரூ.68,200. ஆகவே 44ஏடிஏ பொருந்துகிற தொழில்காரர்களில், ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை வாங்குபவர், விலை உயர்ந்த சாஃப்ட்வேர் சந்தா கட்டுபவர் போன்று செலவு பாதியைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் இரண்டாவது வழி லாபம். 50 சதவீதத்துக்குக் கீழே லாபம் காட்டி, மொத்த வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால், கணக்குப் புத்தகத்தோடு ஆடிட்டும் கட்டாயம்.

அப்படியானால் அறையை அளக்க வேண்டியது யார்? 44ஏடிஏ பட்டியலில் வராத வேலை செய்பவர்கள். மொழிபெயர்ப்பு, உள்ளடக்கம் எழுதுதல், ஆன்லைன் டியூஷன் போன்றவை எந்தப் பிரிவில் வரும் என்பது வேலையின் தன்மையைப் பொறுத்தது. இதை ஒருமுறை ஆடிட்டரிடம் தெளிவாக்கிக்கொண்டால் ஒவ்வோர் ஆண்டும் குழம்ப வேண்டாம். வீட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு இன்ஸ்டாகிராமில் விற்பவர் வியாபாரி. அவருக்குப் பிரிவு 44ஏடி. டிஜிட்டலாக வந்த வரவில் 6%, ரொக்கமாக வந்ததில் 8% லாபம் என்று காட்டலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ‘புதிய முறையில் எந்தக் கழிவும் கிடையாது’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது 80சி, எச்.ஆர்.ஏ. போன்றவற்றுக்குத்தான். தொழில் செலவுக் கழிவும் சாதாரணத் தேய்மானமும் புதிய முறையிலும் உண்டு. சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போகப் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும். ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

பகலில் சம்பளம், ராத்திரி ஃப்ரீலான்ஸ்

சைடு வேலை பார்க்கிறவர்கள் ஐ.டி.ஆர்-1 போடக் கூடாது. 44ஏடிஏ என்றால் ஐ.டி.ஆர்-4, கணக்கு எழுதினால் ஐ.டி.ஆர்-3. “கிளையன்ட் கொடுத்தது துறைக்குத் தெரியவா போகுது” என்று நினைக்க வேண்டாம். 194ஜே-வில் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸில் இருக்கும்.

சிலர் இன்னொரு யோசனை சொல்வார்கள்: சைடு தொழிலில் பெரிய நஷ்டம் காட்டி, சம்பளத்துக்கான வரியைக் குறைப்பது. அது நடக்காது. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தோடு கழிக்கப் பிரிவு 71(2ஏ) தடை விதிக்கிறது.

வளைகுடா கம்பெனிக்கு ஊரில் இருந்தே வேலை

இந்த மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. அங்கே வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே கம்பெனிக்குக் குளச்சலிலோ குலசேகரத்திலோ இருந்து வேலை செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளம் துபாய் வங்கிக் கணக்கில் விழுந்தாலும், வேலை நடப்பது இந்தியாவில் என்றால் அது இந்தியாவில் ஈட்டிய வருமானம். நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர்; பொதுவாக உலகில் எங்கே வந்த வருமானத்தையும் காட்ட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுக் கம்பெனி பொதுவாக இங்கே டி.டி.எஸ். பிடிக்காது. எனவே ஆண்டு வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டிய வரியை நீங்களே கட்ட வேண்டும். 44ஏடிஏ-வில் இருப்பவர் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். மற்றவர்களுக்கு நான்கு தவணை. தவறினால் வட்டி ஏறும்.

‘ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்’ என்பவரிடம் உஷார்

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யான கழிவுகளைப் போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்து, ரீஃபண்டில் கமிஷன் வாங்கும் இடைத்தரகர்களே இலக்கு. தவறான கோரிக்கைகள் அதிகம் காணப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் ரூ.1,045 கோடி அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றதாகத் துறை தெரிவித்தது.

ரிட்டர்னில் இருப்பது உங்கள் பான். தரகர் கமிஷனோடு போய்விடுவார். நோட்டீஸ் உங்கள் மெயிலுக்கு வரும். வருமானத்தைத் தவறாகக் காட்டியது உறுதியானால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். ரூ.30,000 மிச்சம் பிடிக்கப் போய், அந்த ரூ.30,000-உடன் ரூ.60,000 அபராதமும் வட்டியும் கட்ட வேண்டிய நிலை.

ஏற்கெனவே தவறாகப் போட்டிருந்தால் வழி இருக்கிறது. காலக்கெடு இருந்தால் திருத்திய ரிட்டர்ன். அது முடிந்துவிட்டால் ஐ.டி.ஆர்-யு எனப்படும் புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். வரி, வட்டியின் மேல் கூடுதலாக முதல் ஆண்டில் 25%, பிறகு ஆண்டு வாரியாக 50%, 60%, 70%. தள்ளிப்போடப் போடச் செலவு கூடும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. முதலில் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். இரண்டையும் வருமான வரி இணையதளத்தில் இறக்கிப் பாருங்கள். நீங்கள் சம்பளக்காரரா, ஃப்ரீலான்ஸரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

2. சம்பளக்காரர் என்றால், நெட், ஃபோன் பில்லை அலவன்ஸாக வாங்குகிறீர்களா, ரீஇம்பர்ஸ்மென்ட்டாகவா என்று பே-ஸ்லிப்பில் சரிபாருங்கள். நிதியாண்டு தொடக்கத்திலேயே எச்.ஆரிடம் மாற்றச் சொல்லுங்கள். மார்ச்சில் கேட்டால் பயன் இல்லை.

3. ஊர் மாறியிருந்தால் எச்.ஆர்.ஏ. விவரத்தையும் மாற்றுங்கள். வாடகை வங்கி வழியாகவே போகட்டும்.

4. ஃப்ரீலான்ஸர் என்றால் தொழிலுக்கென ஒரு தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவும் தொழில் செலவும் ஒரே கணக்கில் கலந்தால் பிரிவு 37-க்குப் பதில் சொல்வது கஷ்டம்.

5. கணக்கு எழுதுபவர் என்றால், ஒரு நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழிவில் சேராது. லேப்டாப், மேசை எதுவானாலும் யு.பி.ஐ. அல்லது கார்டு. பில் உங்கள் பெயரில்.

6. வேலை அறையின் அளவு, கரண்ட், நெட் பங்கை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பில்களோடு வையுங்கள். சதவீதத்தை ஆண்டுக்கு ஆண்டு காரணமின்றி மாற்ற வேண்டாம்.

7. சம்பளக்காரர்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜூலை 31. பழைய முறை வேண்டும் என்றால் அதற்குள் போட்டாக வேண்டும். தாமதமானால் புதிய முறைதான்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 வருகிறது. பிரிவு எண்கள் மாறும்: அனுமான லாப முறை பிரிவு 58-க்கும், புதிய வரி முறை பிரிவு 202-க்கும் போகின்றன. ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற குழப்பமான சொல்லுக்குப் பதில் ‘வரி ஆண்டு’. ஆனால் வீட்டில் இருந்து வேலை பார்க்கும் சம்பளக்காரருக்கு நாற்காலிக் கழிவு அந்தப் புதிய சட்டத்திலும் இல்லை. கேட்க வேண்டியது வரித் துறையிடம் அல்ல, கம்பெனியிடம்.